வரவேற்பு மேடைக்குப் புகைப்பட வீடியோ, பாட்டோடு: இலவச மென்பொருளில் செய்வது எப்படி?

தாமிரபரணி_98:
அடுத்த மாதம் வீட்டில் கல்யாண வரவேற்பு. மணமக்களின் சின்ன வயசுப் படங்கள் முதல் நிச்சயதார்த்தம் வரை மொத்தம் 142 படங்கள் இருக்கு. பாதி வாட்ஸ்அப்பில் வந்தவை, 30 பழைய பிரிண்ட், மீதி ஐபோன். பாட்டு இரண்டு: ஒன்று 4 நிமிடம் 20 வினாடி, இன்னொன்று 3 நிமிடம் 40 வினாடி. மண்டபத்தில் எல்இடி திரை. கையில் இருப்பது 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி. வாட்டர்மார்க் வரக்கூடாது, காசும் கட்ட முடியாது. பழைய மூவி மேக்கரைத் தேடினால் ஏதேதோ தளங்கள் வருது. எங்கிருந்து தொடங்கணும்?

கத்தரிக்கோல்:
முதலில் அந்தத் தளங்களை மூடுங்க. விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு நிறுத்திட்டாங்க. இப்போ அந்தப் பெயரில் கிடைப்பதெல்லாம் வேறு ஆட்கள் விற்கும் சரக்கு. சேமிக்கப் போகும்போதுதான் பணம் கேட்கும்.

ஷாட்கட் எடுத்துக்குங்க. திறந்த மூல மென்பொருள், வாட்டர்மார்க் இல்லை, கால வரம்பு இல்லை. கேடென்லைவும் நல்லதுதான், இரண்டுக்கும் உள்ளே ஓடும் எஞ்சின் ஒன்றே. ஆனால் புகைப்படங்களை மொத்தமாகக் கொடுத்தால் தானே கோர்த்துத் தரும் வசதி ஷாட்கட்டில் எளிது. விண்டோஸ் 11 என்றால் கிளிப்சாம்ப் ஏற்கனவே இருக்கும். அதன் இலவசக் கணக்கிலும் 1080பி வரை வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் பிரேம் (வீடியோவில் ஓடும் ஒரு தனிச் சட்டகம்) கணக்கில் வைக்கணும்னா ஷாட்கட்தான் கைக்கு அடங்கும்.

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு கணக்கு போடுங்க. ஒரு படம் மங்கும்போதே அடுத்த படம் எழுவதால், அந்த நேரம் இரண்டு படங்களுக்கும் பொது. அதனால் மொத்த நீளம் = படங்கள் × ஒரு படத்தின் நேரம், அதிலிருந்து மாற்ற நேரம் × படங்களில் ஒன்று குறைவு. 142 படம், தலைக்கு 5 வினாடி, மாற்றத்துக்கு 1 வினாடி என்றால் 710 கழித்தல் 141, அதாவது 569 வினாடி. ஒன்பதரை நிமிடம். உங்கள் பாட்டு இரண்டும் சேர்ந்தே 8 நிமிடம்தான். எத்தனை படம் என்பதைப் பாட்டின் நீளம்தான் முடிவு செய்யும். படத்தைக் குறைங்க, பாட்டை இழுக்காதீங்க.

நெகட்டிவ்_பெட்டி:
படம் சேர்ப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறாங்க. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிடும், எடுத்த தேதி போன்ற உட்தகவலும் போயிடும். அனுப்பியவர் போனில் அசல் இன்னும் இருக்குமான்னு கேளுங்க. இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக இணைச்சு அனுப்பச் சொல்லுங்க, சுருங்காமல் அப்படியே வரும். கிடைக்காத படங்களை வரிசைப்படுத்த, ஆண்ட்ராய்டில் சேமித்த வாட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயரிலேயே தேதி இருக்கும். 20190512 என்று இருந்தால் அது 2019 மே 12. அது படம் வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் அல்ல.

ஐபோன் படங்கள் எச்இஐசி வகையில் வரும். எக்ஸ்என்வியூ எம்பி என்ற இலவச மென்பொருளில் மொத்தமாக ஜேபெக் ஆக்கிடுங்க. அதே ஓட்டத்தில் இன்னும் இரண்டு வேலை முடிக்கலாம். நீளப் பக்கத்தை 2880 பிக்சலுக்குக் குறைங்க. 1920 அகலத் திரையில் ஒன்றரை மடங்கு ஜூம் செய்தாலும் போதும், 8 ஜிபி மடிக்கணினியும் திணறாது. சின்னப் படங்களைப் பெரிதாக்க வேண்டாம், குறைப்பது மட்டும். இன்னொன்று, எக்சிஃப் (கேமரா படத்துக்குள் எழுதி வைக்கும் உட்தகவல்) குறிப்பின்படி படத்தை நிஜமாகவே திருப்பிச் சேமிக்கச் சொல்லுங்க. போனில் நேராகத் தெரிந்த படம் எடிட்டரில் படுத்துக்கிடப்பது இந்தக் குறிப்பை மட்டும் நம்பியதால்தான்.

சுண்ணாம்புச்சுவர்:
பழைய பிரிண்ட் பற்றி. 4க்கு 6 அங்குல பிரிண்டை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 பிக்சல்தான். 600 வைங்க, 2400க்கு 3600 கிடைக்கும். சொரசொரப்பான தாளில் போட்ட பிரிண்டாக இருந்தால் ஸ்கேனர் விளக்கு அந்த மேடுபள்ளத்தைத் தேன்கூடு மாதிரிக் காட்டிக் கொடுக்கும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் கேமராவால் எடுப்பது நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். வெளிச்சம் பக்கவாட்டில் 45 டிகிரியில் விழணும், கேமரா படத்துக்கு நேர் செங்குத்தாக இருக்கணும்.

சட்டக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீங்க, மேல்பூச்சு கண்ணாடியோடு போயிடும். கண்ணாடியின் மேலேயே எடுங்க. கருப்புத் துணி போர்த்திக்கிட்டு எடுத்தால் உங்கள் நிழலுருவம் பிரதிபலிக்காது.

செந்நிறமாக வெளிறிப்போன வண்ணப் படங்களுக்கு: ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளில் 'கலர்ஸ்', 'லெவல்ஸ்' போய் 'ஆட்டோ இன்புட் லெவல்ஸ்' அழுத்துங்க. மூன்று வண்ணமும் தனித்தனியாக இழுபட்டுப் பெரும்பாலும் சரியாகிடும். முகம் நீலம் பாய்ந்தால் சிவப்பின் நடு முள்ளைக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்க. கருப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்ற வேண்டாம். பாட்டி கட்டியிருந்த புடவையின் நிறத்தை மென்பொருள் இட்டுக்கட்டுவதைவிட அந்தக் கருப்பு வெள்ளையே உண்மை.

தாமிரபரணி_98:
நன்றி. படங்களில் பாதி நிமிர்ந்தவை, போனை நேராகப் பிடித்து எடுத்தது. அகலத் திரையில் இரண்டு பக்கமும் கருப்பாக வருமே?

நெகட்டிவ்_பெட்டி:
வரும். 3க்கு 4 விகிதப் படம் 1080 உயரத்தில் 810 அகலம்தான் பிடிக்கும், பக்கத்துக்கு 555 காலி. வழி மூன்று. அதே படத்தை மங்கலாக்கிப் பின்னால் நிரப்புவது, ஷாட்கட்டில் 'பேட் பிளர்' என்று இருக்கும். நடுவை வெட்டி நிரப்புவது, இதில் தலை போகும், குடும்பப் படத்துக்கு ஆகாது. மூன்றாவது எனக்குப் பிடித்தது: நிமிர்ந்த படங்களை ஜோடி சேர்ப்பது. 810 இரண்டு 1620. மீதி 300-ஐ இடது, நடு, வலது என்று நூறு நூறாகப் பிரிச்சால் கச்சிதமாக உட்காரும். மணமகனின் மூணு வயசும் மணமகளின் மூணு வயசும் பக்கத்துல பக்கத்துல. பார்க்கிறவங்களுக்கு விளக்கமே வேண்டாம், படங்களின் எண்ணிக்கையும் குறையும். ஜிம்ப்பில் 1920க்கு 1080 தாள் ஒன்று போட்டு ஒட்டிச் சேமிங்க.

கோப்புப் பெயரை 001, 002 என்று மூன்று இலக்கத்தில் வைங்க. 1, 2 என்று வைத்தால் சில இடங்களில் 1-க்கு அடுத்து 10 வந்து நிற்கும். எடிட்டரில் சேர்த்த பிறகு பெயரையோ ஃபோல்டரையோ மாற்றவே கூடாது. ப்ராஜெக்ட் கோப்பில் படம் இருக்காது, படம் இருக்கும் முகவரி மட்டும்தான் இருக்கும்.

கத்தரிக்கோல்:
சரி, ஷாட்கட் வேலை. திறந்ததும் புது ப்ராஜெக்டுக்கு வீடியோ மோடு கேட்கும், தானியங்கியில் விடாதீங்க. விட்டால் முதலில் போட்ட படத்தின் அளவையே ப்ராஜெக்ட் அளவாக எடுத்துக்கும். 1080பி, 25 பிரேம் தேர்ந்தெடுங்க.

படங்களை எல்லாம் 'பிளேலிஸ்ட்' பலகத்தில் இழுத்துப் போடுங்க. எல்லாவற்றையும் தேர்வு செய்து பிளேலிஸ்ட் மெனுவில் 'ஆட் செலக்டட் டு ஸ்லைடுஷோ'. வரும் பெட்டியில் ஒரு படத்தின் நேரம், விகிதம் பொருந்தாத படத்தை என்ன செய்வது, ஜூம் சதவீதம், மாற்ற நேரம், மாற்ற வகை கேட்கும். மாற்ற வகை 'டிசால்வ்' மட்டும் போதும். மற்றதெல்லாம் திரை முழுக்கக் கோடும் வட்டமும் ஓடும், முகத்தைப் பார்க்க விடாது. ஓகே கொடுத்ததும் முழுத் தொடரும் ஒரே கிளிப்பாகப் பிளேலிஸ்ட்டில் வரும். அதை டைம்லைனுக்கு இழுங்க. பிறகு நடுவில் ஒரு படம் மாறணும்னா திரும்ப உருவாக்கணும், அதனால் வரிசையை முன்பே முடிவு பண்ணிடுங்க. பாட்டுக்குத் தனி ஆடியோ டிராக் சேர்த்துப் போடுங்க.

பாட்டின் துடிப்புக்கு ஏற்ப படம் மாறணும்னா 8 தட்டுக்கு எவ்வளவு நேரமோ அதை ஒரு படத்தின் நேரமாக வைங்க.

ஒலிவட்டம்:
கடைசி வரியில் ஒரு திருத்தம். மாற்றம் 1 வினாடி மேற்படிவதால் ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்கான இடைவெளி, படத்தின் நேரத்தைவிட 1 வினாடி குறைவு. ஒரு ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்று, இங்கே 8 தட்டு) ஒரு படம் வேணும்னா ஆவர்த்தன நேரத்தோடு மாற்ற நேரத்தைக் கூட்டித்தான் பெட்டியில் போடணும். இல்லாவிட்டால் இரண்டாவது படத்திலேயே தாளம் நழுவிடும்.

தாளம் அளப்பது: ஆதி தாளப் பாட்டு என்றால் கையால் தட்டிக்கிட்டே 64 தட்டுக்கு ஆகும் நேரத்தை எடுங்க. 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 96 தட்டு, 8 தட்டுக்குச் சரியாக 5 வினாடி. வெறும் 8 தட்டை மட்டும் அளந்து பெருக்கினால் பிழை சேரும். நிஜத்தில் 97 ஆக இருப்பதை 96 என்று எடுத்தால் ஆவர்த்தனத்துக்கு 0.05 வினாடி வித்தியாசம், 50 படம் தாண்டும்போது இரண்டரை வினாடி. கண்ணுக்கு அப்பட்டமாகத் தெரியும். திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக) போகும் பாட்டை எட்டெட்டாக வெட்டாதீங்க, ஆறு அல்லது பன்னிரண்டு. மிஸ்ர சாப்பு என்றால் ஏழு, பதினாலு.

இரண்டு பாட்டையும் ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்திருத்த மென்பொருளில் வேவ் கோப்பாக மாற்றி, தொடக்க மௌனத்தை வெட்டுங்க. 'லௌட்னஸ் நார்மலைசேஷன்' இரண்டுக்கும் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு). அதில் தானாக இருக்கும் மதிப்பு மைனஸ் 23, அப்படியே விட்டால் மண்டபத்தில் ரொம்பத் தாழ்ந்து கேட்கும். 14-க்கு ஏற்றிய பிறகு உச்சம் மேலே முட்டுதான்னு பாருங்க, முட்டினால் இரண்டையுமே மைனஸ் 16-க்கு இறக்குங்க. ஒன்று மோனோ பதிவாக இருந்தால் 'மோனோவை டூயல் மோனோவாகக் கருது' என்ற குறி இருக்கட்டும், இல்லாவிட்டால் அது மட்டும் சத்தமாக ஒலிக்கும்.

தாமிரபரணி_98:
தட்டிப் பார்த்தேன். முதல் பாட்டு 64 தட்டுக்கு 40 வினாடி. இரண்டாவது 38.4. ஆடாசிட்டியில் 'சேஞ்ச் டெம்போ' போட்டு இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வரலாமா?

ஒலிவட்டம்:
வேண்டாம். சுருதி மாறாமல் வேகம் மட்டும் மாறும் என்றாலும் மிருதங்கத் தட்டும் குரலின் கமகமும் இழுபட்டுக் கேட்கும். பாட்டை விட்டுடுங்க, படத்தை இரண்டு தொகுதியாகப் பிரிங்க.

முதல் தொகுதி, 8 தட்டுக்கு 5 வினாடி. படத்தின் நேரம் 6, மாற்றம் 1. 51 படம் போட்டால் 306 கழித்தல் 50, சரியாக 256 வினாடி. முதல் பாட்டு 260 வினாடி. கடைசி 4 வினாடியில் முதல் பாட்டு அடங்க, இரண்டாவது 256-இல் தொடங்கட்டும்.

இரண்டாவது, 8 தட்டுக்கு 4.8 வினாடி. 25 பிரேம் கணக்கில் 120 பிரேம், அதாவது 4 வினாடி 20 பிரேம். வேகமான பாட்டுக்கு டிசால்வ் வேண்டாம், நேர் வெட்டு அழகாக இருக்கும். ஏதாவது ஒரு படத்தைத் திறந்து 'ப்ராபர்ட்டீஸ்' பலகத்தில் நேரத்தை 4 வினாடி 20 பிரேம் ஆக்கி 'செட் டிஃபால்ட்' அழுத்துங்க. அதற்குப் பிறகு திறக்கும் படங்களுக்குத்தான் அது பொருந்தும், அதனால் இந்தத் தொகுதிப் படங்களை அப்புறம்தான் உள்ளே கொண்டு வரணும். 45 படம், 216 வினாடி. 472-இல் முடியும். பாட்டு 476 வரை ஓடும். கடைசிப் படத்தை 4 வினாடி இழுத்து, படமும் பாட்டும் சேர்ந்து அடங்கட்டும்.

மொத்தம் 96. தலைப்பு அட்டைகளும் இந்த எண்ணிக்கையில் அடக்கம்.

ஒன்று கவனம். பழைய திரைப்பாட்டு பலதும் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்த பதிவு. இயந்திரத் தாளம் இல்லை, சரணத்தில் லேசாக வேகம் கூடும். அங்கே கணக்கைப் பிடிச்சுத் தொங்காமல், பல்லவி திரும்பும் இடத்தில் படம் சரியாக விழுகிற மாதிரி ஒரே ஒரு படத்தின் நேரத்தைக் கூட்டிக் குறைச்சுக்குங்க.

மேடை_ஓரம்:
எட்டு நிமிடம் மேடைக்கு அதிகம். விருந்தினர் வரிசையில் நிற்கும்போது பக்கத் திரையில் திரும்பத் திரும்ப ஓடுவது என்றால் சரி. எல்லாரையும் உட்கார வைத்துக் காட்டுவது என்றால் முதல் பாட்டோடு நிறுத்துங்க, 51 படம் போதும்.

கத்தரிக்கோல்:
ஒத்துக்கறேன், ஆவர்த்தனக் கணக்கிலும் ஒலிவட்டம் சொன்னதே சரி. ஆனால் இரண்டு குடும்பப் படங்களும் 51-க்குள் நியாயமாக அடங்குமா என்று பார்த்துக்குங்க. ஒரு பக்கம் 35, மறுபக்கம் 16 என்றால் மண்டபத்தில் எல்லாரும் எண்ணுவாங்க.

நாவற்காடு:
தமிழ்த் தலைப்புப் பற்றி ஒருவரும் சொல்லேல்லை. சில எடிட்டர்களிலை 'கொ' என்று அடிச்சால் கொம்பும் காலும் எழுத்தும் பிரிஞ்சு நிக்கும். எழுத்துக்களை உருவேற்றும் பகுதி அதில் இல்லாததுதான் காரணம், எழுத்துரு மாத்தினாலும் சரிவராது. லிப்ரெஆஃபிஸ் இம்ப்ரெஸ்ஸிலை 16க்கு 9 தாளில் தலைப்பை எழுதி, 'எக்ஸ்போர்ட்' குடுத்து பிஎன்ஜி தெரிஞ்செடுத்து, அகலம் 1920 என்று போடுங்கோ. படமாக வாறபடியால் எந்த மென்பொருளிலும் உடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி எல்லாம் இலவசமாகக் கிடைக்கிற யூனிகோட் எழுத்துருக்கள்.

யாரும் பாமினி என்ற பழைய, யூனிகோட் இல்லாத எழுத்துருவிலை அடிச்சுத் தந்த பெயர்ப்பட்டியலை அப்படியே ஒட்டிப் போடாதேங்கோ. அது உள்ளுக்குள்ளை ஆங்கில எழுத்துத்தான், எழுத்துரு மாறினவுடனை குப்பையாகத் தெரியும். யூனிகோடுக்கு மாத்திப்போட்டு, பெயர்களை ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ.

தாமிரபரணி_98:
முதல் தொகுதி ஓடுது. ஜூம் 3 சதவீதம் வைத்தேன். படம் மெதுவாகப் பெரிதாகும்போது ஓரங்கள் நடுங்குது.

கத்தரிக்கோல்:
6 வினாடியில் 3 சதவீதம் என்றால் ஓரம் ஒரு பிரேமுக்குக் கால் பிக்சல்கூட நகராது. முழுப் பிக்சலுக்கு முழுமையாக்கும்போது நின்று நின்று தாவுது, அதுதான் நடுக்கம். 10 சதவீதம் ஆக்குங்க, இல்லாவிட்டால் பூஜ்யம். இடைப்பட்டது வேண்டாம். ஏற்றுமதிப் பெட்டியில் வீடியோ பகுதியில் 'இன்டர்போலேஷன்' பைகியூபிக் அல்லது லான்சோஸ் வைங்க. முன்னோட்டத்தில் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீங்க, 20 வினாடி மட்டும் ஏற்றுமதி செய்து பாருங்க. குழுப்படங்களுக்கு ஜூம் வேண்டவே வேண்டாம், ஓரத்தில் நிற்கும் அத்தையும் சித்தப்பாவும் வெளியே போயிடுவாங்க.

மேடை_ஓரம்:
எல்இடி திரையைப் பற்றி: மண்டபத்துக்காரரிடம் அடி அளவு கேட்பதைவிடப் பிக்சல் அளவு கேளுங்க. வாடகைக்கு வரும் பி3.91 (புள்ளிக்குப் புள்ளி 3.91 மில்லிமீட்டர்) பலகை 500 மில்லிமீட்டர் சதுரத்தில் 128க்கு 128 பிக்சல். அகலத்துக்கு 7, உயரத்துக்கு 5 பலகை கட்டினால் மொத்தம் 896க்கு 640 தான். உங்கள் 1080பி அதற்குத் தாராளம், 4கே-யில் எடுப்பது வீண். ஆனால் அந்தத் திரை 7க்கு 5 விகிதம். உங்கள் 16க்கு 9 படத்தை இயக்குபவர் திரை நிறைய இழுத்துவிட்டால் எல்லா முகமும் நீண்டு தெரியும். விகிதம் மாறாமல் வைக்கச் சொல்லுங்க, இல்லை ஷாட்கட்டில் தனி வீடியோ மோடு உருவாக்கி அதே விகிதத்தில் செய்யுங்க.

மெல்லிய எழுத்து அந்தத் திரையில் புள்ளி புள்ளியாக உடையும். தடித்த எழுத்து, உயரம் 1080-இல் குறைந்தது 80 பிக்சல், ஒரு அட்டைக்கு இரண்டு வரி. தூய வெள்ளைப் பின்னணி அட்டை வேண்டாம், இருட்டு மண்டபத்தில் கண் கூசும்.

கத்தரிக்கோல்:
ஏற்றுமதி: எச்.264, எம்பி4, 25 பிரேம், 'ப்ரோக்ரெசிவ்', ஆடியோ ஏஏசி. எச்இவிசி என்ற புதிய சுருக்க முறை வேண்டாம், மண்டபத்து பிளேயர் ஏற்குமா என்ற சந்தேகத்தை எதற்கு வைக்கணும்? வினாடிக்கு 10 மெகாபிட் வைத்தால் 476 வினாடிக்கு சுமார் 595 எம்பி வரும், போதும். பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருக்கட்டும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபி தாண்ட முடியாது, உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. என்டிஎஃப்எஸ் ஆக இருந்தால் சில பிளேயர் டிரைவையே காட்டாது.

தாமிரபரணி_98:
அப்படியே யூடியூபிலும் போடலாமா? வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களுக்கு.

ஒலிவட்டம்:
இரண்டும் வேறு வேறு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில், மதச் சடங்குகளில் பாட்டு ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது என்று இருக்கு. திருமண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களும் அதில் அடக்கம் என்று விளக்கமும் இருக்கு. அது மண்டபத்தோடு சரி. யூடியூபில் ஏற்றினால் அதன் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடிக்கும். உரிமையாளர் முடிவுப்படி விளம்பரம் ஓடலாம், சில நாடுகளில் மறைக்கப்படலாம். 'அன்லிஸ்டட்' என்று வைத்தாலும் இதே சோதனைதான்.

தியாகராஜர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லையே என்று நினைக்காதீங்க. 1847-இல் மறைந்தவரின் சாகித்தியத்துக்கு உரிமை இல்லை, உண்மைதான். ஆனால் அதைப் பாடிய பதிவுக்குத் தனி உரிமை உண்டு, இந்தியாவில் வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு.

இணையப் பிரதிக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் ஒரு இசை எடுத்துத் தனியாக ஏற்றுமதி செய்யுங்க. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை எடுத்தால் 'நோ டெரிவேடிவ்ஸ்' என்று போட்டதை விட்டுடுங்க, அசையும் படத்தோடு இசையைச் சேர்ப்பதே அந்த உரிமத்தில் தழுவலாகக் கணக்காகும்.

வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்றால் கூகுள் டிரைவில் வைத்து இணைப்பைக் கொடுப்பது சுலபம்.

தாமிரபரணி_98:
96 அட்டையோடு முழுசும் முடிந்தது, பல்லவி இடத்தில் படம் சரியாக விழுது. பென் டிரைவில் ஏற்றும் முன் வேறு ஏதாவது?

மேடை_ஓரம்:
தலையில் 5 வினாடி கருப்பு சேர்த்துடுங்க. 'ஓபன் அதர்' போய் 'கலர்' தேர்ந்தெடுத்துக் கருப்பு கிளிப் எடுத்து, எல்லா டிராக்கும் சேர்ந்து நகரும் 'ரிப்பிள் ஆல் டிராக்ஸ்' போட்ட பிறகு முதலில் செருகுங்க. அப்போதுதான் பாட்டும் சேர்ந்து தள்ளிப்போகும். பிளேயர் திரையில் காட்டும் கோப்புப் பெயரும் பொத்தான்களும் அந்த 5 வினாடியில் மறைந்துடும். கடைசியிலும் 10 வினாடி மணமக்கள் பெயர் அட்டையைச் சத்தமில்லாமல் நிறுத்துங்க, இல்லாவிட்டால் பாட்டு முடிந்த கணமே திரையில் மடிக்கணினியின் ஐகான்கள் வரும்.

கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைங்க. தமிழ்ப் பெயரைச் சில பிளேயர் கட்டம் கட்டமாகக் காட்டும், இயக்குபவருக்கு எது என்று தெரியாது. இரண்டு பென் டிரைவில் ஏற்றி, ஒன்றை முந்தின நாளே இயக்குபவரிடம் கொடுத்து முதல் ஒரு நிமிடமாவது அந்தத் திரையிலேயே ஓட்டிப் பாருங்க. படம் வந்து சத்தம் வராவிட்டால் கோப்பைத் திருத்தப் போகாதீங்க, முதலில் அவரது மடிக்கணினியின் ஒலி வெளியீடு எச்டிஎம்ஐ-க்குப் போயிருக்கான்னு பாருங்க. எல்இடி கட்டுப்பாட்டுப் பெட்டி படத்தை மட்டும் எடுத்துக்கும். சத்தம் ஹெட்போன் துளை வழியாகத்தான் மிக்சருக்குப் போகணும்.